பிளாஸ்டர் சாட்சி

மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர். இந்த நான்கு மாதங்களின் முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஜிஸ்லேன் வீட்டு வாசல் மணி அடிக்கும். மற்ற நாட்களில் அடித்தால் கதவு மாறி வந்தவர்களாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை வருபவர் லூனிஸ். பாரிசுக்கு அருகே ஒரு குன்றின் மேல் இருக்கும் வில்மோரன் ஊரில், நகராட்சியின் சுரங்கப் பிரிவில் வேலை பார்த்தார். நாற்பத்தைந்து வயது, மழைக்கோட்டு, தோளில் ஒரு பை. காலணியை மிதியடியில் மூன்று முறை தேய்த்துவிட்டு நேரே சமையலறைக்குப் போவார். அங்கே, பக்கத்து வீட்டோடு பொதுவாக இருந்த சுவரில், கூரையிலிருந்து தரைவரை தலைமுடி அகலத்துக்கு ஒரு விரிசல் ஓடியது. விரிசலின் குறுக்கே உள்ளங்கை அளவுக்குப் பிளாஸ்டர் அப்பி, அது காய்வதற்குள் ஆணியால் தேதி கீறியிருந்தார்கள்: 6-3-2007. அடியில் மண் அசைந்தால் விரிசல் விரியும். விரிசல் விரிந்தால் பிளாஸ்டர் உடையும். ஊரில் அதைச் சாட்சி என்பார்கள். குன்றின் மேல் சாட்சி இல்லாத வீடுகள் குறைவு.

லூனிஸ் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வழியாக மேலும் கீழும் பார்ப்பார்.

"முழுசா இருக்கு, மேடம். உங்க சாட்சி வாயே தொறக்க மாட்டேங்குது."

"அது என்னை மாதிரி," என்பாள் ஜிஸ்லேன்.

இந்தப் பதிலை முதல் தடவை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு ஒன்றரை வருடம் ஆனது.

அவளுக்கு அறுபத்திரண்டு வயது. மணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்தாறு வருடம் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு எவ்வளவு, குளோரின் எவ்வளவு என்று பார்த்து எழுதுகிற வேலை. சோதனைக் குழாய்கள் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான், ஒரு வாரத்தில் தான் பேசிய சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று அவளுக்குத் தெரிந்தது. எல்லாம் ரொட்டிக் கடையில் சொன்னவை. ஒன்று. நன்றி. வருகிறேன்.

லூனிஸ் வேலையை முடிக்க நாலு நிமிடம் போதும். அதற்குமேல் ஒரு மனிதரை உட்கார வைக்க வேண்டுமானால் காபி மட்டும் போதாது, பேச ஏதாவது வேண்டும். அதனால் அவள் நகராட்சி ஆவண அறைக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு வருகைக்கு ஒரு சங்கதி. மூன்று மாதம் தேடி, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

குன்றின் தெற்குச் சரிவு முழுக்க ஒரு காலத்தில் திராட்சை. புளித்த திராட்சை. அந்த ஒயினைக் குடிக்க மூன்று பேர் வேண்டும், ஒருவன் குடிக்க, இருவர் அவனைப் பிடித்துக்கொள்ள என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி செய்திருக்கிறார்கள். பிறகு திராட்சைக்கு அடியில் ஜிப்சம் இருப்பது தெரிந்தது. தோண்டினார்கள், சுட்டார்கள், பொடித்தார்கள், கால்வாயில் படகேற்றி பாரிசுக்கு அனுப்பினார்கள். அங்கே வீடுகள் உயர உயர, இங்கே குன்று உள்ளே காலியாகிக்கொண்டு போனது. காலியான குன்றின் மேலே 1924இல் மனை பிரித்து விற்றார்கள். அவளுடைய தாத்தா, ரயில்வே பட்டறைத் தொழிலாளி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வரைபடத்தைப் பார்த்து வாங்கினார். வரைபடத்தில் தெருவிளக்குகள் இருந்தன. தெருவில் இல்லை. தெருவே இல்லை, சேறுதான் இருந்தது.

"எல்லாரும் ரெண்டு ஜோடி காலணி வச்சிருப்பாங்களாம்," என்று அவள் ஒரு டிசம்பரில் சொன்னாள், கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு. "சேத்துக் காலணியை ரயில் நிலையத்துக்கு எதிர்ல இருக்கிற காபிக் கடையில மாட்டிட்டு, நல்லதைப் போட்டுக்கிட்டு பாரிசுக்கு ரயிலேறுவாங்க. கடைக்காரர் தொண்ணூறு ஆணி அடிச்சு வச்சிருந்தார். ஒவ்வொண்ணுக்கும் பேர் எழுதி."

"பெரிய மனுஷன்."

"ஒருநாள் யாரோ எல்லாத்தையும் மாத்தி மாட்டிட்டாங்க. சாயங்காலம் ஊரே அளவு சேராத காலணியோட குன்று ஏறியிருக்கு."

லூனிஸ் சிரித்ததில் காபி தட்டில் சிந்தியது. அந்தச் சிரிப்பு அவளுக்கு மார்ச் வரை வந்தது.

அவரும் கைவீசி வருவதில்லை. மேலே தெரியாத ஊர் அவருடையது. ஒருமுறை மெல்லிய தாளில் வரைந்த பழைய சுரங்கப் படத்தை இன்றைய தெருப்படத்தின் மேல் பரப்பிக் காட்டினார்.

"இதோ உங்க சமையலறை. நேர் கீழ, இருபத்தாறு மீட்டர்ல ஒரு தூண். வெட்டாம விட்ட கல். யானை மாதிரி நிக்குது. உங்க படுக்கையறைதான் வெறும் காத்து மேல இருக்கு."

"அப்போ கட்டிலை இங்க போட்டுடறேன்."

"போடுங்க. நான் வரும்போது மட்டும் எந்திரிச்சிடுங்க."

அவருடைய அப்பா அல்ஜீரியாவின் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, 1972இல் சுரங்கம் மூடும்வரை கடைசிப் பாதைகளில் வேலை செய்தவர். லூனிசுக்குப் பதினைந்து வயதாகும்போது இறந்துவிட்டார். "சுரங்கத்துல எடுத்த படம் ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல," என்று ஒருமுறை பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அவள் அதை மறக்கவில்லை. நான்கு வருடம் தேடினாள். 2013 நவம்பரில், பெயரில்லாத ஓர் அட்டைப் பெட்டியில் அது கிடைத்தது. 1967, சுரங்க உணவுக்கூடம், பதினான்கு ஆண்கள். பின்பக்கம் பென்சிலில் பெயர்கள். ஆறாவது பெயர் அம்ரான், லூனிசின் குடும்பப் பெயர். ஆறாவது ஆளுக்கு லூனிசின் காதுகள்.

பிரதி எடுத்து உறையில் வைத்தாள். டிசம்பரில் கொடுக்கவில்லை. டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் வேறு சங்கதிகள் தயாராக இருந்தன. இதைவிடப் பெரியது இனிக் கிடைக்காது என்பதால் ஜூனுக்கு ஒதுக்கி வைத்தாள்.

அந்த டிசம்பரில்தான் லூனிஸ் பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்:

"மார்ச் வந்தா ஏழு வருஷம், மேடம். ஏழு வருஷம் சாட்சி உடையலன்னா கோப்பை மூடிடுவோம்."

"மூடினா?"

"மூடினா நான் வந்து உங்க தரையை அழுக்காக்க மாட்டேன். வீட்டுக்கு நல்ல பேர். விக்கணும்னாலும் விக்கலாம். சந்தோஷமான சேதிதானே?"

"ஆமா," என்றாள்.

குளிர்காலம் முழுக்க அவள் சமையலறையில் உட்கார்ந்து சாட்சியைப் பார்த்தாள். மழை நிறையப் பெய்தது. பக்கத்துத் தெருவில் ஒரு சாட்சி உடைந்ததாக ரொட்டிக் கடையில் பேசிக்கொண்டார்கள். இவளுடையது அசையவில்லை. சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து பறவைகளின் சத்தம் வரும். அங்கே பல்தசார் இருந்தார். எண்பது வயது, போர்ச்சுகல்லிலிருந்து வந்த கொத்தனார். அந்தப் பாதி வீட்டைத் தானே இடித்துத் தானே கட்டிக்கொண்டவர். மனைவி போன பிறகு அவருக்கு ஒன்பது கேனரிகள் துணை. அவரும் ஜிஸ்லேனும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. அவருடைய அத்திமரத்து இலைகள் அவள் கூரைத் தூம்பை அடைத்தன. வேலிக்கு மேலே எட்டிச் சொல்லக் கூச்சப்பட்டு, அவள் நகராட்சிக்குக் கடிதம் எழுதினாள். சீருடைக்காரர் ஒருவர் வந்து மரத்தை அளந்தார். பல்தசார் அன்றே மரத்தைப் பாதியாக வெட்டினார். "லேப் மேடத்துக்கு வாய் வலிக்குது போல, பேனாவாலதான் பேசுவாங்க," என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அதோடு சரி.

பிப்ரவரி கடைசி வாரம், ஒரு மதியம், ஜிஸ்லேன் மெல்லிய கத்தி ஒன்றை எடுத்தாள். பிளாஸ்டர் எப்படி உடையும் என்பது அவளுக்குத் தெரியும். தட்டினால் நட்சத்திரமாகச் சிதறும், மண் இழுத்தால் விரிசலின் வழியே கோடாகப் பிரியும். கத்தி முனையை விரிசலின் நேருக்கு வைத்து, மேலிருந்து கீழாக, ஒரு மணி நேரம், கொஞ்சம் கொஞ்சமாகக் கீறினாள். கடைசியில் தீக்குச்சி ஒடிவதுபோல ஒரு சிறு சத்தம். தரையில் விழுந்த வெள்ளைத் தூளை ஈரத் துணியால் துடைத்தாள். பரிசோதனைக் கூடத்தில் பழகிய கைகள்.

அவள் கணக்கு எளிமையானது. உடைந்தால் புதுச் சாட்சி வைப்பார்கள். புதுச் சாட்சி என்றால் புதுத் தேதி. இன்னும் ஏழு வருடம்.

மார்ச் நான்காம் தேதி லூனிஸ் கையில் ஒரு சின்னக் கேக் பெட்டியோடு வந்தார்.

"கடைசி நாள் இல்லையா, வெறுங்கையோட வரக்கூடாதுன்னு."

பெட்டியை மேசையில் வைத்தார். விளக்கைச் சாய்த்தார். பூதக்கண்ணாடி ஓர் இடத்தில் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது.

"யாராவது இதைத் தொட்டீங்களா, மேடம்? நாற்காலி, ஏணி, ஏதாவது இடிச்சதா?"

அவர் ஒரு வாசலைத் திறந்து வைத்தார். அவளால் அதில் நுழைய முடியவில்லை. இடித்தது என்று சொன்னால் எங்கே, எப்போது, எப்படி என்று கேட்பார். ஒரு பொய்க்குப் பின்னால் இன்னும் பத்துப் பேச வேண்டும்.

"இல்ல," என்றாள்.

"ஒண்ணும் இடிக்கலயா?"

"இல்ல."

லூனிசின் முகம் மாறியது. அவள் அதுவரை பார்க்காத முகம்.

"எனக்கு ஒம்போது வயசுல, எங்க பிளாக்குக்குப் பின்னாடி துணி காயப்போடற இடம் மண்ணுக்குள்ள போயிடுச்சு. மத்தியான நேரம். துணி காயப்போட வந்த மேடம் கெர்வெல்லோட கூடை மட்டும் ஓரத்துல நின்னுச்சு. அந்த அம்மாவை மூணாம் நாள்தான் எடுத்தாங்க. அங்க சுவத்துல சாட்சி உடைஞ்சிருந்தது, யாரும் பாக்கல." அவர் விளக்கை அணைத்தார். "பிளாஸ்டர் பொய் சொல்லாது, மேடம். மனுஷங்கதான் பாக்காம விட்டுடறாங்க."

"காபி..."

"இன்னிக்கி வேணாம்." கைபேசியை எடுத்துப் படம் பிடித்தார். "இனி இது என் கையில இல்ல. மாவட்டத்துலேருந்து ஆளுங்க வருவாங்க, மண்ணுல துளை போட்டுப் பாப்பாங்க. நான் பாக்கறவன் மட்டும்தான். பயப்படாதீங்க."

பையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கேக் பெட்டி கட்டிய நூலோடு மேசையில் இருந்தது.

வியாழக்கிழமை இரண்டு கதவுகளிலும் தாள் ஒட்டினார்கள். பொதுச் சுவர் என்பதால் இரண்டு வீடுகளும். திங்கட்கிழமை காலைக்குள் வெளியேற வேண்டும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் அறை ஏற்பாடு. திரும்பும் நாள் குறிப்பிடப்படவில்லை.

பல்தசாரின் குரல் தெருமுனைவரை கேட்டது.

"என் சுவரு ஆடுதாம்! நாலு வருஷம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா கட்டினேன். பத்து பேர் ஏறி நின்னு ஆடினாலும் ஆடாது! என் பக்கம் வந்து பாருய்யா, முடி நுழையுமா பாரு!"

"ஐயா, பக்கத்து வீட்டு சாட்சி உடைஞ்சிருக்கு," என்றான் தாள் ஒட்டியவன்.

"அப்போ அந்த சாட்சி பொய் சொல்லுது!"

ஜிஸ்லேன் சன்னலின் திரைக்குப் பின்னால் நின்றாள். அந்தத் தெருவில் உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் வேலி இடைவெளி வழியாக அவள் பார்த்தது இது. பல்தசார் கூண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து காரின் பின் இருக்கையில் வைத்தார். ஒன்பதையும் வைத்துவிட்டு, போய்விட்டு, அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார். பிறகு அதே கூண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கிப் போனார். விடுதியில் பறவைகளை அனுமதிக்கவில்லை போலிருக்கிறது. ஐந்தாவது கூண்டில் அவருக்கு மூச்சு வாங்கியது. பாதி வெட்டிய அத்திமரத்தின் அடியில் உட்கார்ந்தார். கூண்டை மடியில் வைத்துக்கொண்டு அதற்குள் விரலை நீட்டினார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவள் உள்ளேயே இருந்திருப்பாள்.

கோட்டை மாட்டிக்கொண்டாள். மேசை இழுப்பறையில் இருந்த படத்தின் உறையைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள், ஏன் என்று தெரியாமல்.

நகராட்சியின் பொறியியல் பிரிவில் நான்கு பேர் காத்திருந்தார்கள். முகப்பிலிருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமல், "நம்பர் எடுங்க, மேடம்," என்றாள். நாற்பத்தொன்று. பலகையில் முப்பத்தாறு. ஒரு கடிதமாக எழுதி இந்தப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனால் என்ன என்று நினைத்தாள். பேனாவும் பையில் இருந்தது. ஆனால் மணி நாலரை. கடிதத்தைத் திங்கட்கிழமைதான் பிரிப்பார்கள்.

முப்பத்தெட்டில் உள்கதவு திறந்து லூனிஸ் வெளியே வந்தார். கையில் தலைக்கவசம். அவளைப் பார்த்ததும் நின்றார்.

"மேடம் தவெர்னோ. அறை கிடைச்சுதா? ஏதாவது சிக்கலா?"

அவள் எழுந்தாள்.

"நான்தான் உடைச்சேன்," என்றாள்.

"என்ன?"

"சாட்சியை. கத்தியால. மண்ணு அசையல."

காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். முகப்புப் பெண்ணும் நிமிர்ந்தாள்.

லூனிஸ் தலைக்கவசத்தை இன்னொரு கைக்கு மாற்றினார். "எதுக்கு?"

"மார்ச்சோட முடிஞ்சிடும்னு சொன்னீங்க."

அவருக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் காதுகள்தான் சிவந்தன.

"என்னைக் காபிக்குக் கூப்பிட்டிருக்கலாமே, மேடம்," என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "ஒரு வார்த்தை. ஒரு செவ்வாய்க்கிழமை வாங்கன்னு. வந்திருப்பேனே."

அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே உறை மடங்குவது விரல்களுக்குத் தெரிந்தது. இப்போது அதைக் கொடுத்தால் அது மன்னிப்புக்கு விலையாகிவிடும்.

"இனிமே..." என்று தொடங்கினாள்.

"இனிமே முடியாது." அவர் ஒரு படிவத்தை எடுத்து முகப்பில் வைத்தார். "நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. உத்தரவை நாளைக்கே நிறுத்தப் பாக்கறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வெளிய போக வேணாம்."

அவள் எழுதினாள். நிமிர்ந்தபோது அவர் உள்ளே போயிருந்தார்.

சனிக்கிழமை பழைய தாள்களின் மேல் புதுத் தாள் ஒட்டினார்கள். 'பதினான்காம் எண் வீட்டு உரிமையாளரின் வாக்குமூலத்தின்படி, வெளியேறும் உத்தரவு ரத்து' என்று அதில் இருந்தது. திங்கட்கிழமைக்குள் ரொட்டிக் கடைக்கும் தெரிந்துவிட்டது. கடைக்காரி ரொட்டியை நீட்டும்போது ஒரு கணம் அதிகமாகப் பார்த்தாள், அவ்வளவுதான்.

துளை போடுவதை மட்டும் நிறுத்த முடியவில்லை. உத்தரவு மாவட்டத்திலிருந்து வந்தது. மூன்று இடங்களில் துளையிட்டார்கள். இருபத்தாறு மீட்டரில் கல். பழைய சுரங்கப் படத்தில் இருந்த இடத்திலேயே தூண் இருந்தது. யானை மாதிரி. பிறகு ஓர் இளைஞன் வந்து, உடைந்த சாட்சியைச் சுரண்டி எடுத்துவிட்டு, விரிசலின் மேல் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியைப் பொருத்தினான். பச்சை விளக்கு ஒன்று அதில் விட்டு விட்டு எரிந்தது.

"இது மணிக்கு ஒரு தடவை தானாவே அளவை ஆபீசுக்கு அனுப்பிடும்," என்றான். "இனி யாரும் வந்து உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

உறையில் இருந்த அப்பாவின் படத்தை அவள் லூனிசுக்குத் தபாலில் அனுப்பினாள். கடிதம் வைக்கவில்லை. பின்பக்கத்துப் பெயர்களையும் வருடத்தையும் தெளிவாக எழுதியிருந்தாள். ஏப்ரல் போனது, மே போனது. பதில் வரவில்லை. அவர் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கலாம். பிரிக்காமலேயே வைத்திருக்கலாம். இரண்டையும் அவளால் சமமாக நம்ப முடிந்தது.

ஜூன் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. பழக்கத்தில் ஏழு மணிக்கே மாவு பிசைந்து செர்ரிப் பழக் கேக் சுட்டாள். பழக்கத்தில் இரண்டு கோப்பைகள் எடுத்து வைத்தாள். பத்து மணி ஆனது. பச்சை விளக்கு எரிந்தது, அணைந்தது. பத்தேகால். அவள் மூன்று மாதமாக ஆவண அறைப் பக்கம் போகவில்லை. சொல்ல எந்தச் சங்கதியும் கையில் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கேனரி பாட ஆரம்பித்தது, பிறகு இன்னொன்று.

சுவரில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு எழுந்து கேக்கை ஒரு துணியால் மூடினாள். எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, இருபது அடி நடந்து, பதினாறாம் எண் வீட்டின் முன் நின்றாள். கையில் எதையும் எழுதிக் கொண்டுவரவில்லை. மணியை அடித்தாள்.

பல்தசார் கதவைத் திறந்தார். பனியன், தாடையில் பாதிச் சவரம், சோப்பு நுரை. அவளைப் பார்த்தார். துணி மூடிய தட்டைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"என்ன, என் பக்கத்துச் சுவரையும் உடைக்க வந்தீங்களா?"

அவள் தட்டைச் சற்று உயர்த்திக் காட்டினாள்.

"அத்திமரத்துக்கு," என்றாள். "நான் உங்ககிட்டயே சொல்லியிருக்கணும்."

"ஒம்போது வருஷம்," என்றார் பல்தசார். "ஒம்போது வருஷமாச்சு அதைச் சொல்ல."

அவர் முனகிக்கொண்டே, நுரையைத் துடைத்துக்கொண்டே உள்ளே திரும்பிப் போனார். வா என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

ஜிஸ்லேன் காலணியை மிதியடியில் தேய்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.